கலியபெருமாளின் அடிப்பொடிகள்

கடலூர் பேருந்து நிலையத்தில் காலை ஆறே முக்காலுக்குச் சிதம்பரம் பஸ் ஒன்று வந்து நிற்கும். ஜன்னலோர இருக்கை எல்லாம் காலியாக இருக்கும். ஏழு மணிக்கு இன்னொன்று வரும்; அதுவும் காலிதான். டீக்கடைப் பக்கம் இருபது முப்பது பேர் பையும் டிபன் பாக்ஸுமாக நின்றுகொண்டு, இரண்டு வண்டிகளையும் கண்டுகொள்ளாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். ஏழு பத்துக்கு வெண்ணிலா பஸ் உள்ளே திரும்பியதும்தான் அவர்களுக்கு உயிர் வரும். உட்கார்ந்து போக இரண்டு வண்டி இருந்தும், மூன்றாவதில் சிதம்பரம் வரைக்கும் நின்றுகொண்டே போகிற ஜனங்களை வேறு ஊரில் காட்டுங்கள் பார்க்கலாம்.

வெண்ணிலாவில் அப்படி ஒன்றும் சொகுசு கிடையாது. இருக்கை கிழிந்திருக்கும். மழை பெய்தால் மூன்றாவது ஜன்னல் மூடாது. விஷயம் வண்டியில் இல்லை, கண்டக்டரிடம் இருந்தது. பெயர் கலியபெருமாள், வயது ஐம்பத்து மூன்று, திருவதிகையில் வீடு. பத்தாவது முடித்ததும் லாரி செட்டில் மூட்டை தூக்கி, பிறகு பஸ் கழுவி, இருபத்தெட்டு வயதில் கண்டக்டர் லைசென்ஸ் வாங்கினார். அன்றிலிருந்து இதே கம்பெனி, இதே கடலூர் - சிதம்பரம் தடம்.

அவரிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சோனங்குப்பத்துக் குப்பு துறைமுகத்தில் மீன் எடுத்துக்கொண்டு முதுநகரில் ஏறி, புதுச்சத்திரம் தெருக்களில் விற்பவள். மற்ற வண்டிகளில் அவள் கூடையைப் பார்த்ததுமே கண்டக்டருக்கு மூக்கு சுருங்கி, கை தானாக ரைட் கொடுத்துவிடும். கலியபெருமாள் பின்பக்கம் ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரை மடித்துப் போட்டுக் கூடையைத் தன் கையாலேயே வாங்கி வைப்பார். பேனரில் எந்தத் தலைவர் கும்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, அவர் தலைமேல் மத்தி மீன்தான். தமிழாசிரியர் சவரிராயனுக்கு மூட்டுவலி. படியேற அவருக்கு மற்றவர்களைவிட மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். அந்த மூன்று மடங்கு நேரமும் கலியபெருமாளின் விசில் வாய்க்கு வெளியேதான் இருக்கும். ஏறுகிறவர் முகத்தை அவர் பார்க்கமாட்டார், காலைப் பார்ப்பார். இரண்டு காலும் படிக்கு வந்தால்தான் இரட்டை விசில்.

“இதுல இன்னா சார் இருக்குது? இதுக்குத்தான சம்பளம் வாங்குறேன்,” என்பார் யாராவது புகழ்ந்தால். புகழ்ச்சி அவருக்குப் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். பிடிக்கும். காட்டிக்கொள்ளமாட்டார், அவ்வளவுதான்.

அடிப்பொடி என்ற பேர் வந்தது ஒரு ஐப்பசி மழையில். கொட்டுகிற மழையிலும் பதினைந்து பேர் அந்தக் காலி வண்டிகளில் ஏறாமல் நனைந்துகொண்டு நின்றார்கள். போட்டி பஸ்காரர்களின் டைம்கீப்பர் சிங்காரத்துக்கு வயிறு எரிந்தது. குடைக்குள் நின்றபடி டிரைவரிடம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “நீ எடுய்யா வண்டிய. இவுங்கள்லாம் கலியபெருமாளோட அடிப்பொடிங்க. ஜன்னியே வந்தாலும் நம்ம வண்டியில ஏறமாட்டாங்க.”

குப்புவுக்குச் சுருக்கென்றது. அன்று அவள் மழைக்காகப் பேருந்து நிலையத்துக்கே வந்திருந்தாள்.

“யாரப் பாத்துப் பொடின்ற? நான் இன்னா உன் மூக்குப்பொடியா?” என்று கூடையை இறக்கி வைத்துவிட்டாள். குப்பு கூடையை இறக்கி வைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று முதுநகர் மார்க்கெட்டுக்கே தெரியும்.

சவரிராயன்தான் குறுக்கே வந்தார். அவர் முதுநகர் மாதா கோயில் பங்கில் பாடற்குழுவில் இருப்பவர். ஆனால் தமிழ் என்று வந்துவிட்டால் அவருக்குச் சிவன் கோயில், பெருமாள் கோயில், மாதா கோயில் எல்லாம் ஒன்று. வண்டி வந்து எல்லாரும் ஏறி, ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தபோது பாடம் எடுத்தார்.

“அடின்னா பாதம், குப்பு. பொடின்னா தூசு. பெருமாள் கோயில்ல பக்தியா இருக்கறவங்க, சாமிக்கு நான் அடிமைன்னு சொல்றதோட நிறுத்தமாட்டாங்க. சாமியக் கும்புடுறானே, அவன் கால்ல ஒட்டியிருக்கற தூசு நானுன்னு சொல்லிப்பாங்க. அதவிடப் பணிவா ஒருத்தன் சொல்லிக்க முடியாது. அதனால அது பெரிய பட்டம்.”

“பெரிய பட்டம்னா அவன் ஏன் இளிக்கிறான்?”

“அது பின்னால வந்த வினை. தலைவருக்குப் பின்னாடி பத்துப் பேரு, நடிகருக்குப் பின்னாடி நூறு பேருன்னு ஓட ஆரம்பிச்சாங்க இல்ல? அவரு தும்முனா இவங்க தைலம் தேடுவாங்க. அத எழுதுறவங்க, கோயில்ல இருந்த வார்த்தைய எடுத்துக் கேலிக்கு வச்சிக்கிட்டாங்க. நம்ம கண்டக்டர் பேரிலயே பெருமாள் இருக்காரு, சிங்காரத்துக்கு வசதியாப் போச்சி.”

“அப்ப சரி. நான் அடிப்பொடிதான். அந்தாளு வந்து கேட்டா அப்பிடியே சொல்லு,” என்று குப்பு தலையைத் துவட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பேர் நிலைத்துவிட்டது. யாரோ வாட்ஸ்ஆப்பில் ‘அடிப்பொடிகள்’ என்று ஒரு குழுவே தொடங்கினார்கள். ‘வண்டி காரைக்காடு தாண்டிடுச்சி’, ‘இன்னிக்கி பெருமாள் லீவு, நானும் லீவு’ என்று காலையில் செய்தி பறக்கும். கலியபெருமாளையும் சேர்த்தார்கள். அவர் இரண்டே நாளில் வெளியே வந்துவிட்டார். தன்னைப் பற்றி அத்தனை பேர் பேசுவதைப் படிக்கக் கூச்சமாக இருந்தது.

ஆனால் அந்தக் குழு இல்லாவிட்டால் கொரோனா வருஷத்தில் அவர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. பஸ் ஓடவில்லை, சம்பளம் இல்லை. யாரிடமும் வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். இரண்டாம் மாதம் ஒருநாள் வாசலில் டிவிஎஸ் சத்தம் கேட்டது. போலீஸ் தடுப்பு எல்லாம் தாண்டி, தம்பி மகனை ஓட்டச் சொல்லிக் குப்பு வந்து இறங்கினாள். ஒரு பை அரிசி, பருப்பு, எண்ணெய், மேலே காகிதத்தில் சுற்றிய நெத்திலிக் கருவாடு. அரிசி சார் கொடுத்தது, எண்ணெய் நம்ம வண்டியில் வருகிற பேங்க் அம்மா கொடுத்தது, கருவாடு மட்டும் என்னுது என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டாள். பஸ் மறுபடி ஓடத் தொடங்கும்வரை மாதம் தவறாமல் யாராவது வந்தார்கள். அவர் மனைவி அஞ்சலாட்சி அந்தக் கருவாட்டுக் குழம்பை வைத்த நாளில் கலியபெருமாள் சாப்பிட முடியாமல் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதார். இந்த ஜனங்களுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன் என்பது அன்றிலிருந்து அவர் மனதில் கிடந்த கேள்வி.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அவர் கண்டக்டராகி இருபத்தைந்து வருஷம் முடிகிறது என்று போன ஆடி மாதம் குழுவில் யாரோ கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் ஒருவரைக் கௌரவிக்க வேண்டும் என்றால் வேறு என்ன தெரியும்? பொன்னாடைதான். சரிகைக் கரை போட்ட ஒரு சால்வையை வாங்கிச் சவரிராயனின் பையில் மறைத்து வைத்தார்கள். ஓடும் வண்டியில் கையை விட்டு நிற்கச் சாரின் மூட்டு ஒத்துழைக்காது. ஆகவே ஆலப்பாக்கம் நிறுத்தத்தில் போடுவது என்று முடிவு. வண்டி நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். பின்படிக்கு மேலே நின்ற கலியபெருமாளின் தோளைச் சார் தொட்டார். அவர் திரும்பினார். கண்ணுக்கு முன்னால் சால்வை விரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நாலைந்து செல்போன்கள் மேலே எழும்பின. கலியபெருமாள் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தார். தலை நிமிர்ந்தபோது அது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. அந்தத் தலையோடு, படியைப் பார்க்காமல், இரட்டை விசில் கொடுத்தார்.

படியில் ஒரு பெண்ணின் ஒரு கால்தான் இருந்தது.

அவள் பெயர் பூஜா. ஆலப்பாக்கத்திலிருந்து சிதம்பரம் கல்லூரிக்குப் போகும் இரண்டாம் வருஷத்துப் பெண். வண்டி குலுங்கி நகர்ந்ததில் ரோட்டில் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. கலியபெருமாள் குதித்து இறங்கி, அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் அவள் அப்பா வரும்வரை பக்கத்திலேயே நின்றார். அப்பா தங்கராசு கொத்தனார். சிமெண்டுக் கையோடு ஓடி வந்தவர், மகளை ஒரு தரம் பார்த்துவிட்டு, கண்டக்டரை மேலும் கீழும் பார்த்தார். அப்போதுதான் கலியபெருமாளுக்குத் தன் கழுத்தில் பொன்னாடை இன்னும் கிடப்பது தெரிந்தது. அதைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த மாதிரி ஒரு அவமானத்தை அவர் ஜென்மத்தில் பட்டதில்லை.

தங்கராசு முதலாளியிடம் புகார் எழுதிக் கொடுத்தார். நியாயம் கிடைக்காவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போவேன் என்றார். கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் முதலாளி மகன் ஜெயப்பிரகாஷ் மூன்றாம் நாள் எல்லாரையும் பஸ் ஷெட்டுக்கு வரச் சொன்னார்.

அடிப்பொடிகள் சும்மா இருப்பார்களா? பொன்னாடை வாங்கிய குற்ற உணர்ச்சி ஒருபக்கம், பெருமாள் வேலைக்கு ஆபத்து என்ற பதைப்பு ஒருபக்கம். குழுவில் பேசினார்கள். சவரிராயன் ஒரு வாக்குமூலம் எழுதிப் போட்டார். அதைப் பார்த்து எல்லாரும் அவரவர் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். மொத்தம் நாற்பத்தொரு கடிதம். ஷெட்டுக்குப் போவதற்கு முதல்நாள் சாயங்காலம் அதன் நகல் கலியபெருமாள் வீட்டுக்கு வந்தது.

‘மேற்படி மாணவி கைப்பேசியில் ஆழ்ந்தவண்ணம் கவனமின்றி ஏற முற்பட்டுத் தவறி வீழ்ந்ததைப் பின்படியருகே நின்றிருந்த யான் என் இரு கண்களாலும் கண்டேன்.’

அவர் இரண்டு தடவை படித்தார். அந்தப் பெண் கையில் செல்போனே இல்லை. அவர் தூக்கியபோது பக்கத்தில் கிடந்தது ஒரு நோட்டுதான்.

“நாப்பது பேரு உனுக்காவ எழுதிக் குடுத்துருக்காங்க. நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும்,” என்றாள் அஞ்சலாட்சி.

“அந்தப் பொண்ணு?”

அஞ்சலாட்சி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஷெட்டில் ஜெயப்பிரகாஷ் கடிதங்களைக் கட்டாக மேஜைமேல் வைத்திருந்தார். எதிரில் தங்கராசும், கையில் மாவுக்கட்டோடு பூஜாவும். ஓரத்தில் கலியபெருமாள். வெளியே கேட்டுக்கு அந்தப் பக்கம் அடிப்பொடிகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நின்றார்கள்.

“வண்டியில கேமரா இருக்குதுங்க. ஆனா அது டிரைவரத்தான் பாக்குது, படியப் பாக்கல,” என்று ஆரம்பித்தார் ஜெயப்பிரகாஷ். “அதனால சாட்சி சொல்றததான் எடுத்துக்கணும்.”

அவர் முட்டாள் இல்லை. பின்படியருகே நாலு பேர் நிற்கலாம்; நெருக்கினால் ஐந்து. கடிதங்களின்படி அங்கே நாற்பத்தொரு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி குப்பு. அன்றைக்கு அவள் பரங்கிப்பேட்டையில் அக்கா பேரனின் காதுகுத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தாள். பொன்னாடை விழாவைத் தவறவிட்ட வருத்தத்தில் அவள்தான் முதல் ஆளாக எழுதிக் கொடுத்திருந்தாள். ஜெயப்பிரகாஷுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும், கம்பெனிக்கு நல்லது என்பதால் ஒரு கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தார்.

தங்கராசு மகளைத் திரும்பிப் பார்த்தார். “போன் பாக்கலன்னு சொன்னியே.”

“பாக்கலப்பா. சத்தியமா. போனு பையில இருந்துச்சி. நான் கால் வைக்கும்போதே விசில் அடிச்சிட்டாங்க.”

“நாப்பத்தொரு பேரு பொய்யா சொல்லுவாங்க? அப்பவே எங்கம்மா சொல்லிச்சி, பொட்டப் புள்ளய அவ்ளோ தூரம் அனுப்பாதன்னு. நாந்தான் கேக்கல.” குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. “படிச்சது போதும். வூட்டோட இரு.”

பூஜா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அழுதால் பொய் சொன்னது போலாகிவிடும் என்று பயந்தாளோ என்னவோ, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கலியபெருமாள் கேட்டைப் பார்த்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் தனக்குச் சோறு போட்டவர்கள். வாயைத் திறந்தால் நாற்பத்தொரு பேரும் பொய்யர்கள் ஆவார்கள். திறக்காவிட்டால் இந்தப் பெண் ஒருத்தி பொய்க்காரி ஆவாள், படிப்பும் போகும். லைசென்ஸும் வேலையும்கூட அவர் ஞாபகத்துக்கு வந்தன, இல்லை என்று சொல்ல முடியாது. ஐம்பத்து மூன்று வயதில் வேறு எங்கே போய் நிற்பது? இத்தனையும் நினைத்து முடிப்பதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டிருந்தார்.

“பொண்ணு சொல்றதுதாங்க நெசம்,” என்றார். “போனு இல்ல அது கையில. எனுக்கு பொன்னாடை போட்டாங்க. நான் படியப் பாக்கல. பாக்காமலே விசில் குடுத்துட்டேன். தப்பு என்னுது.”

ஜெயப்பிரகாஷ் கடிதத்தை மெதுவாகக் கீழே வைத்தார். “அண்ணே, யோசிச்சி சொல்லுங்க. இத எழுதிக் குடுத்தா லைசென்ச மூணு மாசமாவது புடிச்சி வச்சிடுவாங்க. அதுக்கப்புறம் எடுத்துக்கறத நான் அப்பாகிட்டதான் கேக்கணும்.”

“யோசிச்சிட்டேன் தம்பி. பேப்பர் குடுங்க.”

சாரின் தமிழில் இல்லாமல், தன் தமிழில் நாலு வரி எழுதினார். எழுதி முடித்துப் பூஜாவிடம் வந்தார். “மன்னிச்சிக்கம்மா. இருவத்தஞ்சி வருசத்துல ஒருநாளு நான் காலப் பாக்காம வுட்டேன். அது உன் கால் ஆயிடிச்சி.” அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வெளியே செய்தி அவருக்கு முன்பே போய்விட்டிருந்தது. குப்பு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். “ஏன் கண்டக்டரே, நாங்கள்லாம் இன்னா பைத்தியமா? உனுக்காவத்தான எழுதுனோம். இப்ப ஊருக்கு முன்னாடி எங்களப் பொய்க்காரிங்களா ஆக்கிட்டியே.”

“அந்தப் பொண்ணோட படிப்ப நிறுத்தறேன்னாரு அவங்க அப்பா, குப்பு. இந்தக் கடுதாசியாலதான்.”

குப்பு செருகிய முந்தானையை இழுத்துவிட்டாள். இது அவளுக்குத் தெரியாது. அவர்களில் யாருக்குமே தெரியாது. கண்டக்டரைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு மேல் அவர்கள் எதையும் யோசித்திருக்கவில்லை. விசுவாசத்தில் இருக்கிற கஷ்டமே இதுதான். அதற்குப் பக்கவாட்டில் கண் கிடையாது.

சவரிராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. “எழுதினவன் நான். பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்றவன். என்னைத்தான் சொல்லணும்,” என்றார்.

“இல்ல சார்.” கலியபெருமாள் எல்லாரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் பொதுவாக அதிகம் பேசாத மனிதர். அன்று பேசினார். “கொரோனாவுல நீங்க இல்லன்னா எம் பொண்டாட்டி பட்டினி. அத நான் சாவறவரைக்கும் மறக்கமாட்டேன். இப்பவும் எனுக்காவத்தான பொய் சொன்னீங்க. எனுக்குன்னு பொய் சொல்ல நாப்பத்தொரு பேரு இருக்கீங்கன்றதே பெருசு. யாருக்கு இருக்குது இப்பிடி? ஆனா நான் நெசம் சொன்னதுக்கு என்னக் கோச்சிக்காதீங்க. அது ஒண்ணுதான் நான் கேக்கறது.”

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பேங்க் அம்மா மூக்கை உறிஞ்சினாள். குப்பு மட்டும் விடாமல், “கோச்சிக்கல, ஆனா வயிறு எரியிது,” என்றாள். எரிந்த வயிற்றோடுதான் அவள் நேராகப் போய், வெளியே வந்துகொண்டிருந்த பூஜாவின் கட்டைத் தடவிப் பார்த்து, “உளுவ மீனு கொழம்பு வச்சித் தரச் சொல்லு, எலும்பு சீக்கிரம் கூடும். நானே கொண்டாந்து தரேன்,” என்று சொன்னாள். அது மன்னிப்பு என்று பூஜாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினாள்.

தங்கராசு டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தார். மகள் பின்னால் ஏறி உட்காரும்வரை காத்திருந்தார். பிறகு வண்டியைக் கிளப்பாமல் கலியபெருமாளைப் பார்த்து, “எப்ப மறுபடியும் வண்டிக்கி வருவீங்க?” என்று கேட்டார்.

“மூணு மாசம் ஆவுங்க. அதுக்கப்புறமும் நிச்சயம் கெடையாது. முதலாளி மனசு வைக்கணும்.”

“அதுக்கு நான் வந்து சொல்றேன் முதலாளிகிட்ட. புகார் குடுத்தவனே சொன்னாக் கேப்பாரு.” ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அதுவரைக்கும் நானே காலையில கொண்டுபோயி காலேஜில வுட்டுட்டு அப்புறம் வேலைக்கிப் போறேன். நீங்க வந்த அன்னிக்கி சொல்லி அனுப்புங்க. அப்புறம் உங்க பஸ்ஸுலதான் வரும் எம் பொண்ணு. வேற பஸ்ஸுல அனுப்பமாட்டேன்.”

இன்று வேலையை இழந்த மனிதர் கலியபெருமாள். ஆனாலும் இருபத்தைந்து வருஷத்தில் தனக்குக் கிடைத்ததிலேயே பெரியது இதுதான் என்று அவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றார்.

பின்னால் இருந்து பூஜா அப்பாவின் தோளைத் தொட்டாள்.

“அப்ப நாளைக்கே போலாமாப்பா?”

“நாளைக்கே,” என்று சொல்லிவிட்டுத் தங்கராசு வண்டியைக் கிளப்பினார்.